மூன்று கூண்டுகளும் ஒரு பீப்பாயும்

“ஏறு! குகன், ஏறடா!”

கயிறு என் கையில். தம்பி கிணற்றுக்குள். முழங்கால் அளவு சேற்றில் நிற்கிறான். சேறு என்று எழுதுகிறேன். சேறு இல்லை அது. பிறகு சொல்கிறேன்.

தெற்கே, இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம், ஒரு சத்தம். டொம். நெல் மூட்டையைச் சீமெந்துத் தரையில் போட்டதுபோல. அது பீரங்கி ஷெல் புறப்படும் சத்தம். புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் ஊரே ஓடும்.

1990. ஆவணி. செவ்வாய்க்கிழமை. மத்தியானம்.

“பங்கருக்குள்ள ஓடுங்கோ!” பக்கத்து வீட்டு மகேசக்கா கத்துகிறார். அம்மாவை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுகிறார். நான் கயிற்றை இழுக்கிறேன். கயிறு வழுக்குகிறது. அதிலும் அதுதான் பூசியிருக்கிறது. குகன் ஏறுகிறான். கல் இடுக்கில் காலை வைத்து, வைத்து. அவன் தலை தெரிகிறது. நெற்றியில் ஒரு கீற்று மண்ணிறம். அண்ணாந்து என்னைப் பார்க்கிறான்.

விசில். பிறகு விசில் இல்லை. விசில் நின்றால் தலைக்கு நேரே என்று அர்த்தம்.

கண் திறந்தபோது வாய் நிறைய மண். காதுக்குள் ஒரு வண்டு. கயிறு கையில்தான் இருந்தது. இழுத்தேன். வந்தது. பாரமே இல்லாமல் வந்தது. கிணற்றுக்கட்டு இருந்த இடத்தில் கட்டு இல்லை. கட்டும் கல்லும் நீர் இறைக்கும் துலாவும் கிணற்றடித் தொட்டியும் எல்லாம் உள்ளே. மேலே மண். மண்ணிலிருந்து புகை. துலா கட்டியிருந்த பூவரச மரம் மட்டும் நின்றது. பாதி இலையோடு.

இப்போது சேற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள், திங்கள், பொழுதுபடுகிற நேரம். சகடை வந்தது. பெரிய சரக்கு விமானம். வெறும் மாட்டுவண்டி கல்லுறோட்டில் போகிற மாதிரி வானம் முழுக்க உருண்டு வரும். அதனால் அந்தப் பெயர். அதன் வயிற்றைத் திறந்து பீப்பாய்களைத் தள்ளி விடுவார்கள். சில பீப்பாயில் வெடிமருந்து. நாங்கள் பங்கருக்குள். அம்மா கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருக்கிறார். தொம் என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. காத்திருக்கிறோம். அம்மா நிறுத்திவிட்டார். வெடிக்கவே இல்லை.

மணம் வந்தது.

மலம். மனித மலம். ஒரு பீப்பாய் நிறைய. இராணுவ முகாம் கக்கூசுகளிலிருந்து அள்ளி, அடைத்து, மூடி, விமானத்தில் ஏற்றி, பெற்றோல் எரித்துக் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டியிருந்தார்கள். யாரோ ஒருவன் இதை யோசித்திருக்கிறான். யாரோ ஒருவன் சரி என்றிருக்கிறான். மூக்கைப் பொத்திக்கொண்டு யாரோ அள்ளியிருக்கிறார்கள். அந்த வரிசையை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் குமட்டும். வெடிகுண்டில் வெறுப்பு இருக்கும். இதில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு எங்கள் கிணற்றடியில் விழுந்து, உடைந்து, பாதி கிணற்றுக்குள் போனது.

பங்கரிலிருந்து முதலில் வெளியே வந்தவன் குகன். பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பத்தொன்பது வயது. “அண்ணை, இவங்கள் எங்கட தோட்டத்துக்குப் பசளை போடுறாங்கள்,” என்றான். அடுத்த நிமிஷம் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தான்.

எங்கள் ஊரில் ஆறு இல்லை. கிணறுதான் எல்லாம். கிணற்றில் பூனை விழுந்து செத்தாலே முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டி, ஆள் இறங்கி அடியைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் குடிப்போம். எந்தச் சண்டைக்குள்ளும் இந்த வழக்கம் நிற்காது. நாலு வீட்டுக்கு அந்த ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பம்பு இருந்தது, மண்ணெண்ணெய் இல்லை. விடிந்ததிலிருந்து கையால் இறைத்தோம். மூக்கில் துணி. ஊற்று ஊறிக்கொண்டே இருந்தது. அடி தெரிந்ததும் குகன் இறங்கினான். ஒல்லி உடம்பு. கயிறு தாங்கும்.

அந்த நேரத்தில்தான் டொம்.

அன்று பின்னேரம் தோண்டிப் பார்த்தோம். மூன்று தரம் ஷெல் விழுந்து மூன்று தரம் ஓடினோம். புதன் காலையில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுதும் வெளியேறியது. சைக்கிளில் பாய், பானை, அம்மா. தம்பியை அங்கேயே விட்டுப் போனோம். அந்நியருடைய மலத்துக்குள்.

அம்மா அதற்குப் பிறகு எங்கே தண்ணீர் வாங்கினாலும் டம்ளரை மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னார். ஷெல் பட்டது. பொய் இல்லை. கழுவின உண்மை.

அடுத்த வருஷம் நான் ஜெர்மனியில். அகதி விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்ப்பாளர். எங்கள் பக்கத்து ஆள்தான். தம்பி எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதை விடுங்கோ தம்பி. ஷெல் எண்டு சொல்லுவம். கேக்கிறவைக்கும் ஒரு மாதிரி,” என்றார். ஷெல் என்று எழுதிக்கொண்டார்கள். அதிகாரியின் மேசையில் ஒரு பூச்சாடி இருந்தது. ரோஜா மணம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

என்னை மூன்ஸ்டருக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியின் வடமேற்கில் ஒரு நகரம். மழை, சைக்கிள், மணியோசை. பழைய சந்தைத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆறு வருஷம் தட்டுக் கழுவினேன்.

முதல் வாரம். வேலை முடிந்து வெளியே வருகிறேன். இரவு ஒன்பது மணி. தலைக்கு மேலே கொம்புச் சத்தம். நீளமாக, தாழ்வாக, கட்டிப்போட்ட எருமை கூப்பிடுவதுபோல. நான் குப்புற விழுந்தேன். காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். காதுச் சவ்வு கிழியாமலிருக்க நாங்கள் எல்லோரும் பழகியது. ஒரு நாய் வந்து என் கழுத்தை மணந்தது. நாய்க்குச் சொந்தக்காரி அதை இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் கடைச் சமையல்காரன் வந்து தூக்கிவிட்டான். தேவாலயக் கோபுரத்தில் ஒரு காவற்காரர் இருக்கிறாராம். நூற்றாண்டுகளாக. ஒன்பது மணியிலிருந்து அரைமணிக்கு ஒருதரம் ஊதுவார். தீ இல்லை, எதிரி இல்லை, எல்லாம் நலம் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

எல்லாம் நலம் என்று ஊதுவதற்குச் சம்பளத்தில் ஓர் ஆள். செவ்வாயில் மட்டும் அந்த ஊர் எனக்குச் சகிக்கும்படி இருந்தது.

அந்தத் தெரு அழகு. முக்கோண முகப்பு வைத்த கல் வீடுகள் தோளோடு தோள். கீழே வளைவுத் தூண்கள். அறுநூறு வருஷப் பழசு மாதிரி நிற்கும். ஆனால் அநேகமான வீட்டுக்கு என் வயதுதான். நான் பிறந்த ஐம்பதுகளில் திரும்பக் கட்டியவை. 1943 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், ஊரின் நடுவைக் குறிவைத்துக் குண்டு போட்டார்கள். பிறகும் போட்டார்கள். சண்டை முடிந்தபோது பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இல்லை. அந்த ஞாயிறு போட்டவை அமெரிக்க விமானங்கள். இப்போது நான் வரி கட்டும் நாடு.

நகர மண்டபத்தில் ஓர் அறை. முப்பது வருஷச் சண்டை ஒன்றை முடித்த சமாதானம் அங்கே பேசப்பட்டது. சுவர் முழுக்கச் செதுக்கிய மரம். அந்த மரம் அசல். குண்டு விழுமுன் கழற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். வழிகாட்டி பெருமையாகச் சொன்னாள். மரத்துக்கு வண்டி கிடைத்திருக்கிறது. அந்த ஊரின் யூதர்களுக்கும் வண்டி கிடைத்தது. அது வேறு வண்டி. குண்டு விழுவதற்கு முன்பே அவர்களை ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். அதற்கும் முன்பே அவர்களுடைய ஆலயத்தை எரித்திருந்தார்கள். அதற்கு என்ன அடையாளம் என்று தேடினேன். தகடுகள் இருந்தன. குனிந்துதான் வாசிக்க வேண்டும்.

அண்ணாந்து பார்க்க வேண்டியது வேறு. அதே கோபுரத்தில், கடிகாரத்துக்கு மேலே, மூன்று இரும்புக் கூண்டுகள். ஆள் உயரம். ஒன்று மேலே, இரண்டு கீழே. 1536இல், மதத்தின் பெயரால் ஊரைப் பிடித்து ஆண்ட மூன்று பேரைப் பழுக்கக் காய்ச்சிய குறட்டால் பிய்த்துக் கொன்று, உடல்களைக் கூண்டில் போட்டு ஏற்றினார்கள். காகம் தின்ன. குண்டுவீச்சில் கூண்டுகளும் சிதைந்தன. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? சனங்கள் நிலவறையில் படுத்திருந்த காலம் அது. உருளைக்கிழங்குக்கு வரிசை. அந்தக் காலத்தில் வளைந்த கம்பியை நிமிர்த்தி, மூன்றையும் பழைய இடத்திலேயே தூக்கிக் கொழுவினார்கள். பொழுதுபட்டால் இப்போது கூண்டுக்குள் சின்ன விளக்கு எரிகிறது.

முதல் தரம் கேள்விப்பட்ட அன்று காறித் துப்பினேன். ஒரு சைக்கிள்காரன் திட்டினான். கூண்டுக்குக் கீழே குடை விரித்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் படம் எடுக்கிறார்கள். இவர்களுக்கு நாறாதா?

ஆறு வருஷம் தினமும் அண்ணாந்து பார்த்தேன். அருவருப்பு குறையவில்லை. குறையாததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்தத் தெருவில் எல்லாமே கழுவித் துடைத்துப் புதிதாகக் கட்டியவை. அந்த மூன்று மட்டும் கழுவப்படவில்லை.

1997இல் கல்யாணம். நாற்பத்திரண்டு வயதில். வசந்தி கொழும்பில் வளர்ந்தவள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டப்ளின் என்ற ஊரில், ஒரு பல் வைத்தியரிடம் வேலை. நான் வந்து சேர்ந்தேன். சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை கிடைத்தது. குகன் ஷெல் பட்டு இறந்தான் என்று அவளுக்கும் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

2001, வசந்த காலம். கம்பெனிகளில் ஆட்களை வேலையிலிருந்து கழித்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திக் வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூர்ப் பையன். எங்கள் பக்கத்துத் தமிழர் கூட்டமைப்பில் அவன்தான் ஓடி ஓடி வேலை செய்வான். நல்லவன். அதைச் சொல்லிவிடுகிறேன். சமாதானம் வந்ததும் யாழ்ப்பாணத்தில் ஒரு படிப்பகம் கட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எங்கள் வளவை, வீடும் கிணறும் இருந்த நிலத்தை, நான் தருவதாகச் சொல்லியிருந்தேன். வரைபடத்தோடு வந்திருந்தான்.

“கிணத்த மூடிட்டு மேல ஒரு கார்டன் போட்டுரலாங்ணா. பெஞ்ச் போட்டுரலாம். பசங்க உக்காந்து படிப்பாங்க.”

அந்தக் கிணற்றைத் தொட வேண்டாம் என்றேன். சரிங்ணா என்றான். ஏன் என்று கேட்கவில்லை. நிதி திரட்டும் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னான். அவனும் அலுவலக வேலையாக மூன்ஸ்டர் போய் வந்திருந்தான். அழிந்து எழுந்த நகரம் என்று ஸ்லைடு காட்டப்போகிறானாம். அங்கே வாழ்ந்தவன் நான். பத்து நிமிஷம் போதும். “கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிருங்கண்ணா.”

அந்த வாரம் ஊருக்கு போன் எடுத்தேன். சந்தியில் உள்ள தொலைபேசிக் கடைக்கு மகேசக்கா வந்து காத்திருந்தார். திரும்பிப் போய் அதே ஒழுங்கையில் இருக்கிறார். எங்கள் வீட்டில் என்ன மிச்சம் என்று கேட்டேன். கதவு போயிற்று, நிலை போயிற்று, ஓடு போயிற்று, கூரைமரம் பங்கருக்குப் போயிற்று. பழைய இரும்புக்காரர்கள் வாசல் கேற்றையும் பிடுங்கிவிட்டார்கள்.

“அந்தப் பீப்பா மட்டும் கிடக்கு தம்பி. வேலிக்கரையில. ஒருத்தரும் தொடேல்லை. கள்ளனுக்கும் அருவருப்பு, அரியண்டம்தானே.”

சான்டா கிளாராவில் வாடகை மண்டபம். சனிக்கிழமைப் பிற்பகல். வெளியே வெயில். உள்ளே சாம்பார் மணமும் பிள்ளைகளின் சத்தமும். கார்த்திக் ஸ்லைடு போட்டான். கறுப்பு வெள்ளையில் இடிபாடு. சொடுக்கினான். வண்ணத்தில் அதே தெரு. கைதட்டல். இன்னொரு இடிபாடு. சொடுக்கு. கைதட்டல். எப்படி மெயின்டெயின் பண்றாங்க பாரு, என்று எனக்குப் பின்னால் யாரோ வியந்தார்கள். அந்தக் கோபுரம் வந்தது. கடிகாரம் வந்தது. அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது.

எழுந்தேன்.

“தம்பி, கடிகாரத்துக்கு மேல மூண்டு கூடு இருக்கும். எங்க?”

கார்த்திக் சிரித்தான். சங்கடமான சிரிப்பு. “கிராப் பண்ணிட்டேங்ணா. கொஞ்சம் க்ரோஸா இருந்துச்சு. கிட்ஸ் இருக்காங்கல்ல.”

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி துடைத்தது ஞாபகம் வந்தது. மேடைக்குப் போனேன். மைக்கை வாங்கினேன். பாசிட்டிவாகத் தொடங்கவே எனக்கு வரவில்லை. கூண்டைச் சொன்னேன். எதற்குச் செய்தது, எப்போது விழுந்தது, எப்போது திரும்பத் தொங்கியது. பிறகு எங்கள் கிணற்றைச் சொன்னேன். பீப்பாயைச் சொன்னேன். உள்ளே என்ன இருந்தது என்று சொன்னேன். தமிழில் அதற்கு இருக்கிற நேரான சொல்லால் சொன்னேன். இரண்டு எழுத்துக்கூட இல்லை. பதினொரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன்.

ஒருவர் வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். சாப்பாட்டுப் பொறுப்பு உமா ஓடிப்போய் ட்ரேக்களை மூடினாள். மூடியும் என்ன, சொல் போய்ப் படிந்துவிடும் என்பதுபோல அழுத்தி அழுத்தி மூடினாள். முன்வரிசையில் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பொத்துக்கொண்டு சிரித்தார்கள். தாய்மார் உஷ் உஷ் என்றார்கள். சிரிக்கட்டும் விடுங்கள் என்றேன். என் தம்பியும் முதலில் சிரித்தான். அந்த மண்டபத்தில் அவன் கதையைச் சரியாகக் கேட்டது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். பெரியவர்கள் முகத்தில் இருந்த அருவருப்பு அந்த விமானக்காரன் மேல் இல்லை. என் மேல்.

வளவைத் தருகிறேன் என்றேன். கிணறு குகனின் குழி. அது அப்படியே இருக்க வேண்டும். பீப்பாயைப் படிப்பக முகப்பில் தொங்கவிட வேண்டும். படிக்க வருகிறவன் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகட்டும். அதற்குச் சம்மதம் என்றால் நிலம்.

கார்த்திக் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். மைக்கில் அதுவும் கேட்டது.

“அண்ணா, லைப்ரரி வாசல்ல போய்... அப்புறம் யாருங்ணா உள்ள வருவாங்க?”

“மூன்ஸ்டருக்கு நீங்கள் போனனீங்கள்தானே தம்பி. கூட்டுக்குக் கீழ இருந்து ஐஸ்கிரீம் சாப்பிடேல்லையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாப்பிட்டிருக்கிறான்.

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தலைவர் அறிவித்தார். நன்றி சொன்னார்கள். சாப்பாட்டு வரிசை நின்றது. எனக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். நான் நாறுவதுபோல.

680 ஃப்ரீவேயில் வசந்தி கார் ஓட்டினாள். இரண்டு பக்கமும் பச்சை மலை. அந்த ஒரு மாதம்தான் அங்கே மலை பச்சை. சுனோல் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டாள். காற்று அறைந்தது.

“நாலு வருஷம். எனக்கு ஏன் சொல்லேல்லை?”

அடுத்ததையும் அவளே கேட்டாள்.

“அது எவ்வளவு பெரிசு, அந்தப் பீப்பா?”

கையை விரித்துக் காட்டினேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஒருதரம் பார்த்தாள்.

“கயிறு தாங்காது. சங்கிலிதான் போட வேணும்,” என்றாள்.

இரண்டு வாரத்தில் கார்த்திக் போன் பண்ணினான். வேறு ஊரில் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். சுத்தமான இடம் என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அந்தச் சொல் உறைத்திருக்க வேண்டும். ஸாரிங்ணா என்று வைத்துவிட்டான். வசந்தி என்னிடமிருந்து போனை வாங்கி, அன்றே அந்தத் தொலைபேசிக் கடையில் மகேசக்காவுக்கு அழைப்புச் சொல்லி வைத்தாள். அவர்கள் இருவரும் அதற்கு முன் பேசியதே இல்லை. அரைமணி நேரம் பேசினார்கள்.

அடுத்த மாதம் மகேசக்காவே போன் எடுத்துக் கூப்பிட்டார். ஒழுங்கைப் பெடியள் முதலில் கிட்டவே வரமாட்டோம் என்றார்களாம். அவரே வேலிக்கரையில் போய் இழுக்கத் தொடங்க, பிறகு வெட்கப்பட்டு வந்தார்களாம். பூவரசங்கொப்பில் சங்கிலி போட்டு, கிணற்றுக்கு நேர் மேலே கொழுவியாயிற்று. காற்றடித்தால் ஆடுகிறதாம். சங்கிலி கிரீச்சிடும் சத்தம் தன் குசினி அடுப்படிவரை கேட்கிறதாம்.

“மணக்குதோ அக்கா?” என்று கேட்டேன்.

“இல்லை தம்பி. துரு மணம்தான். ஆனா எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகினம்.”

போகட்டும். அப்படித்தான் போக வேண்டும்.

இனி இழப்புக் கணக்கு. கழுவாமல் எழுதுகிறேன்.

தம்பி ஒருவன். குகன். பத்தொன்பது வயது. ஷெல் பட்டதால் இறந்தான். பிறர் மலத்தைத் தன் கையால் அள்ளிக்கொண்டிருந்தபோது இறந்தான். எடுக்கவில்லை, எரிக்கவில்லை. அம்மா. 1995 ஐப்பசியில், இராணுவம் நெருங்கி யாழ்ப்பாணமே வெளியேறியபோது, ஊரோடு ஊராகப் பாலம் கடந்து போய், வன்னியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் காய்ச்சலில் இறந்தார். கடைசி டம்ளரையும் மணந்து பார்த்தாராம். வீடு ஒன்று, கதவோடும் ஓட்டோடும். துலா ஒன்று. நாலு வீடு குடித்த நல்ல தண்ணீர். கட்டாமல் போன ஒரு படிப்பகம், அதையும் சேர்க்கிறேன். குகனுடைய சிரிப்பு. அது எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிகிறது. சத்தம் வரவில்லை.

மிச்சம், பீப்பாய் ஒன்று. தொங்குகிறது.